பன்னிரண்டாவது ரொட்டி

இங்கிலாந்தின் கார்ன்வாலில், ஒரு சுரங்கத்தில் நீர் இறைக்கும் நீராவி எந்திரத்தை ஜாகோ ஓட்டிவந்தான். தாது உடைக்கும் பதினொரு பேரும், கறி பொதிந்த தங்கள் ரொட்டிகளைக் கொதிகலன் மேல் சூடாக வைத்திருப்பார்கள். மாறிப் போகாமலிருக்க, முனையில் அவரவர் பெயரெழுத்து மாவிலேயே ஒட்டியிருக்கும்.

பழைய கொதிகலன் வெடித்து, அதற்குக் கரி போட்டுவந்த பாஸ்கோ செத்தான். புதியது வந்த நாளிலிருந்து பன்னிரண்டு ரொட்டிகள் இருந்தன. பன்னிரண்டாவதில் பாஸ்கோவின் எழுத்து. யாரும் பார்க்குமுன் ஜாகோ அதைக் கரிக்குவியலில் புதைத்துவிடுவான். எந்திரம் வேகமாக ஓடட்டுமென்று பழையதில் ஆவி போகும் மூடிமேல் இரும்புக்கட்டியைத் தொங்கவிட்டவன் அவன்தான். விசாரணையில் பாஸ்கோவின் பெயரைச் சொன்னவனும் அவன்தான்.

பாஸ்கோவின் மனைவி லவ்டேயிடம் ஒருநாள் கேட்டான்: "இன்னும் அவனுக்கு ரொட்டி சுடுறியா?"

"அந்த இரும்பை அவருதான் கட்டினாருன்னு நீ சொன்னதுலேருந்து எவளும் எனக்கு ஒருபிடி மாவு தரல. அடுப்பே எரியல, ஜாகோ."

மறுநாள் கொதிகலனைச் சுத்தம் செய்ய நெருப்பை அணைத்திருந்தார்கள். பகலில் எல்லோருடைய ரொட்டியும் சில்லென்றிருந்தது. ஒன்றில் மட்டும் ஆவி பறந்தது.

"யாருதுடா இது?" என்றார் கிழவர் யூரன்.

எழுத்தைக் கையால் மறைத்தபடி, "என்னோடதுதான்," என்றான் ஜாகோ.

"அப்ப தின்னுடா, ஆறிடப் போவுது."

பதினொரு பேரும் பார்க்கத் தின்றான். எழுத்திருந்த முனை மட்டும் மூடிய கைக்குள் மிஞ்சியது. சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் அது ஆறவில்லை.