சுவர் தாண்டிய இருமல்

அடுக்குவீட்டின் பின்முற்றத்தில் குளிர்காலத்துக்குப் பதப்படுத்திவைக்கக் குடைமிளகாய் சுடும் புகை கண்ணைக் கரிக்கிறது. புருஷன் விட்டுப்போன ஸ்லாதினாவை அக்கம்பக்கத்துப் பெண்கள் இன்றுதான் முதன்முதலாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். எதற்கென்று பிடிபடாமல் ஓரமாக உட்கார்ந்து, சுட்ட மிளகாயின் தோலை உரிக்கிறாள். "ராத்திரி ஷிப்டுக்குப் போறியே, புள்ளைய யாருடி பார்த்துக்கிறா?" அடுத்த வீட்டு டோன்கா கேட்கிறாள். ஸ்லாதினாவின் விரல் நிற்கிறது. மகளைத் தனியாக உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவது அதிகாரிகள் காதுக்கு எட்டினால் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். "அவ தூங்கிருவாக்கா." "கிழிச்சா! விடிய விடிய இருமுறா, எனக்குல்ல கேக்குது. சாவியக் குடு, ராத்திரி நான் பார்த்துக்கிறேன். இல்ல, கதவ உடைக்கச் சொல்றியா?" யாரும் நிமிரவில்லை. முன்பே கூடிப் பேசிவைத்திருக்கிறார்கள். காட்டிக்கொடுக்கப்போகிற முகம் எதுவென்று ஸ்லாதினா ஒவ்வொன்றாகத் துழாவுகிறாள். பிறகு சாவியை எடுத்து நீட்டுகிறாள். விரல்தான் விட மறுக்கிறது. கரியும் சாறும் பிசுபிசுக்கும் கையால் டோன்கா சாவியை ஒரு இழு இழுக்கிறாள்.