சாம்பல் நிறத் தேவாரம்

"என்ன தம்பி, இந்த வாரமும் இதே லட்சணம்தானா?"

பெரியநாயகி அக்கா தாளை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். சாம்பலைத் தூவிவிட்டது போல எழுத்துகள் புள்ளி புள்ளியாகக் கிடந்தன.

கணேசமூர்த்தி தலையைக் குனிந்தபடி மீதித் தாள்களைக் கொடுத்தார். ஆயர் குரோவில் அவர் வீட்டு ஹாலில் வெள்ளிக்கிழமைதோறும் தேவாரக் கூட்டம் நடக்கும். பாட்டை டைப் செய்து ஃபோனில் அனுப்புவது பெரியநாயகி அக்கா. அதை வீட்டு லேசர் பிரிண்டரில் அடித்து ஆளுக்கொரு தாள் கொடுப்பது கணேசமூர்த்தி. அவர் மனைவி நளினி தொடங்கிவைத்த கூட்டம். அவள் இறந்த பிறகு இந்த வீடு வீடாக இருப்பது இந்த ஒரு மாலையில்தான்.

"மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன்கிட்ட கமிஷன் ஏதும் வாங்குறீங்களாண்ணே?" என்றார் சாமிநாதன். எல்லோரும் சிரித்தார்கள். "பேசாம கூட்டத்தை எங்க வீட்டுக்கு மாத்திடலாம்லா. புது மெஷின் இருக்கு."

வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

"அதை அப்புறம் பேசலாம்," என்றார் பெரியநாயகி. "இப்போ நான் ஒவ்வொரு வரியாச் சொல்றேன், திருப்பிச் சொல்லுங்க. இவர் மெஷினால என் தொண்டைதான் புண்ணாப் போகுது."

அக்கா சொன்னார், கூட்டம் பாடியது. கணேசமூர்த்தியின் புது மருமகள் ஷாமினியும் ஓர் ஓரமாக உட்கார்ந்து பாடினாள். மகன் நிவேந்திரனுக்குச் சிங்கப்பூரில் வேலை. வார இறுதியில்தான் வருவான்.

மறுநாள் காலையிலேயே கணேசமூர்த்தி பிரிண்டரைத் திறந்துவிட்டார்.

டோனர் மைப்பெட்டியை வெளியே எடுத்து இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டினார். அதுவும் புதிதாக வாங்கிப் போட்டதுதான். மழைக்காலம், தாளில் ஈரம் ஏறியிருக்குமோ என்று புதுக் கட்டைப் பிரித்தார். உள்ளே காய்ந்த துணியால் துடைத்தார். அச்சு அடர்த்தியைக் கடைசி வரை ஏற்றினார்.

தாள் வந்தது. அதே சாம்பல்.

"மாமா, பசியாறிட்டுப் பாருங்களேன். மூக்கெல்லாம் கரி," என்றாள் ஷாமினி.

"இருக்கட்டும்மா. இதையும் கைவிட்டுட்டா அப்புறம் எனக்கு என்ன இருக்கு?"

அவள் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் உள்ளே போனாள்.

கடைசியில் பிரிண்டர் வாங்கிய கடைக்கே ஃபோன் போட்டார்.

"அங்கிள், மெஷின் தானா அடிக்கிற டெஸ்ட் பேஜ் பாத்தீங்களா? அந்தப் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிங்கலா."

பிடித்தார். வந்த தாளில் எழுத்து கன்னங்கரேலென்று இருந்தது. மகனின் பஸ் டிக்கெட்டை அடித்தார். அதுவும் கறுப்பு.

அப்படியானால் மெஷினில் கோளாறு இல்லை.

இத்தனை நாளும் அக்கா அனுப்பியதை ஃபோனிலிருந்து அப்படியே அச்சுக்குத் தள்ளிவிடுவார். இப்போது முதல்முறையாக அதைக் கம்ப்யூட்டரில் திறந்து பெரிதாக்கிப் பார்த்தார். எழுத்துக்கே சாம்பல் நிறம் கொடுத்திருந்தது. பழைய பாட்டுகள் எல்லாம் கறுப்பு. சமீபத்தில் வந்தவை மட்டும் சாம்பல்.

கறுப்புப் பாட்டு ஒன்று, சாம்பல் பாட்டு ஒன்று என இரண்டு தாள் அடித்து எடுத்துக்கொண்டு பெரியநாயகி அக்கா வீட்டுக்குக் காரை விட்டார்.

அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தாள்களைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"வேணும்னேதான் செஞ்சீங்களா?"

"ஆமா."

"கூட்டத்தை என் வீட்டை விட்டு எடுக்கணும், அவ்வளவுதானே? நேராச் சொல்லியிருந்தா நானே விட்டுக் கொடுத்திருப்பேனே. எதுக்குக்கா எல்லார் முன்னாலயும் என்னை…" தாள்களை மடித்துக்கொண்டார். "நளினி கூட்டம்க்கா அது."

"அவ கூட்டம்தான். அது எங்கேயும் போகாது. சாமிநாதன் வீட்டுப் புது மெஷின்ல அடிச்சாலும் நான் அனுப்புற பாட்டு இதே சாம்பல்தான்."

"பின்னே ஏன்?"

அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"ஷாமினி முதல்முதலா வந்து உட்கார்ந்த அன்னைக்கு, 'என் மருமகள் பிரமாதமாப் பாடுவா'ன்னு நீங்கதானே தாளை அவ கையில திணிச்சீங்க? அன்னைக்கு எழுத்து நல்லாக் கறுப்பாத்தான் இருந்துச்சு."

"ஆமா. அதுக்கென்ன?"

"நாங்க கடைசிப் பாட்டுக்கு வந்துட்டோம். அவ விரல் முதல் வரியிலேயே நின்னுச்சு."

கணேசமூர்த்தி கறுப்புத் தாளைப் பிரித்துப் பார்த்தார்.

"மலாய் ஸ்கூல்ல படிச்ச பிள்ளை தம்பி. வாயில தமிழ் இருக்கு, வாசிக்கத்தான் வராது. அடுத்த வாரம் தலைவலின்னு ரூமை விட்டே வரல. அவளுக்கு மட்டும் தனியா இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக் கொடுத்தா, சாமிநாதன் வாய் சும்மா இருக்குமா?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா."

"உங்ககிட்ட சொல்ல அவளுக்கே வாய் வரல. நான் யாரு சொல்ல?"

அக்கா கொடியிலிருந்த துணியை நீவிவிட்டார்.

"யாராலயும் படிக்க முடியலைன்னாத்தான் நான் வரி வரியாச் சொல்ல முடியும். அப்போதான் அந்தப் பிள்ளையும் நம்மளோட உட்கார்ந்து பாடும். வர்ற வெள்ளிக்கிழமையும் நான் திட்டுவேன், தலையைக் குனிஞ்சுக்கோங்க தம்பி."