சூளை வாசல் பேனர்

ஒரு செங்கல் சூளையில் சுமை தூக்கக் கழுதைகளை வேலைக்கு எடுத்தார்கள். வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தது. அதில் எட்டுக் கழுதைகள் வரிசையாக நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தன. ‘வாருங்கள், ஒரே குடும்பமாக உழைப்போம்’ என்று கீழே எழுதியிருந்தது.

வேலை கேட்டு வந்த கழுதை மூன்று நாள் பட்டினி. ஆனாலும் உள்ளே போகாமல் பேனரையே முறைத்துக்கொண்டு நின்றது.

“என்ன தம்பி, படம் எப்படி? நான் எடுத்ததுதான்” என்றபடி சூளையின் போட்டோகிராபர் குரங்கு, கேமராவும் கையுமாக வெளியே வந்தது.

“நல்லா இருக்குண்ணே. ஆனா எட்டுப் பேர்ல ஒருத்தரோட முதுகுகூடத் தெரியலையே?”

“முதுகை எவனாவது படம் பிடிப்பானா? முகந்தானேப்பா அழகு!”

“சுமக்கப்போறது முதுகுதானேண்ணே.”

குரங்கு வயிறு குலுங்கச் சிரித்தது. “சரியான சந்தேகப் பிராணிப்பா நீ! என்னைப் பாரு, பத்து வருசமா இந்த முதலாளிகிட்டதான் இருக்கேன். எனக்கு என்ன குறை? வா, அவரைப் பார்த்துட்டு உனக்கும் ஒரு படம் எடுத்துடலாம்.”

கழுதைக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. “சரி, நீங்க முன்னால போங்கண்ணே. நான் பின்னாலயே வர்றேன்” என்றது.

குரங்கின் சிரிப்பு நின்றது. “இல்லப்பா, நீ முன்னால போ.”

“எனக்கு வழி தெரியாதேண்ணே.”

குரங்கு மறுபடியும் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, கழுதைக்கு முகத்தை மட்டும் காட்டியபடியே, ஒவ்வொரு அடியாகப் பின்னோக்கி நடந்து வழிகாட்டத் தொடங்கியது.