ஆடாத ஊர் மாப்பிள்ளை

“ஏன் மாமா, தரை ஆடுச்சுன்னா இந்தப் பானையெல்லாம் விழுந்துடாதா?”

கண்ணாடிப் பெட்டியைக் காட்டிக் கேட்டான் காஸ்தோன். மாமனார் எலியோதோரோ அவன் தோளில் தட்டினார்.

“ஏன் மாப்பிள்ளை ஆடப்போகுது? எத்தனையோ நூறு வருஷமா உக்காந்திருக்கு. நீங்க வந்திருக்கீங்கன்னு இன்னைக்கா விழும்?”

காஸ்தோன் மொண்டேவிடியோக்காரன். அது தரை ஆடாத ஊர். எலியோதோரோவின் மகள் ஹிமேனாவைக் கட்டிக்கொண்டு, போன வாரம்தான் நிலநடுக்கத்துக்குப் பேர்போன சாண்டியாகோவில் குடித்தனம் வைக்க வந்திருக்கிறான். நேற்றுச் சாப்பிடும்போது கறாராகச் சொல்லிவிட்டான்.

“ஒரே ஒரு தடவை ஆடினாலும் சரி மாமா, ஹிமேனாவைக் கூட்டிக்கிட்டு அன்னைக்கே ஊருக்குக் கிளம்பிடுவேன்.”

ஹிமேனாவும் தலையாட்டினாள். மனைவி போன பிறகு எலியோதோரோவுக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். ராத்திரி முழுக்க அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மாப்பிள்ளைக்கு ஊர் பிடித்துப்போக வேண்டுமே என்று காலையிலிருந்து சுற்றிக் காட்டுகிறார். குன்றில் ஏறினார்கள். சந்தையில் மீன் சூப் குடித்தார்கள். வழியில் ஒரு முறை காலுக்கடியில் கடகடத்தது. மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது.

“அது மெட்ரோ ரயில்” என்றார் அவசரமாக. நல்லவேளை, அது மெட்ரோ ரயில்தான்.

இப்போது மியூசியம்.

“அதோ, அந்த வாத்துப் பானையைப் பாருங்க. அந்தக் காலத்துல எங்க ஆளுங்க…”

சொல்லும்போதே தரை ஆடியது.

எலியோதோரோ கண்ணாடிப் பெட்டியைச் சுற்றியிருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். இன்றைக்குத்தானா வந்து தொலைய வேண்டும்? சுற்றி நின்றவர்கள் யாரும் அசையவில்லை. சின்ன ஆட்டத்துக்கெல்லாம் அசைகிற ஊரா இது? மிஞ்சிப்போனால் தலையைத் தூக்கி, தொங்குகிற விளக்கு ஆடுகிறதா என்று பார்ப்பார்கள். “அஞ்சு இருக்கும்” என்று ரிக்டர் கணக்குச் சொல்லிவிட்டு விட்ட பேச்சைத் தொடர்வார்கள். அவரும் அப்படிப்பட்டவர்தான். ஆனால் இன்று அவர் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் மாப்பிள்ளையும் தூக்குவான்.

“என்ன மாமா, பாதியில நிறுத்திட்டீங்க?”

பயலுக்கு உறைக்கவேயில்லை. பேச்சிலேயே பிடித்து வைத்திருந்தால் போதும், ஆட்டம் அடங்கிவிடும்.

“வாத்து… அதோட மூக்கைப் பாருங்க…”

பானை இரண்டாகத் தெரிந்தது. இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்திருந்த இடது கை நழுவியது. கடவுளே, சீக்கிரம் நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டே மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்து வைத்தார்.

காஸ்தோன் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தான்.

“மாமா, இன்னொரு தடவை சிரிங்க.”

தெரிந்துவிட்டது. எல்லாம் போயிற்று, மகளும் போய்விட்டாள். ‘ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, சின்னதுதான், அஞ்சுகூட இருக்காது’ என்று சொல்லப் பார்த்தார். நாக்கு புரளவில்லை.

“பேசாதீங்க மாமா. வாய் ஒரு பக்கமா இழுக்குது. நான் இருக்கேன், எங்கயும் போகமாட்டேன்.”

காஸ்தோன் அவரைத் தாங்கிப் பிடித்து, மெல்லத் தரையில் மல்லாந்து படுக்கவைத்தான்.

அப்போதுதான் மேலே, நீளச் சங்கிலியில் தொங்கிய பெரிய விளக்கு எலியோதோரோவின் கண்ணில் பட்டது. அது துளிக்கூட ஆடவில்லை.