இரண்டு வண்ண அட்டை

கலாவதி என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். கைகளைக் கைலியில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு, நான் நீட்டிய இதழை ஓரத்தில் பிடித்து வாங்கினாள்.

“அட்ட அழகா இருக்குண்ணே. போன மாசத்தவிட நல்லா வந்திருக்கு.”

தலையில் தொப்பி. உடம்பில் அவள் அப்பாவின் முழுக்கைச் சட்டை. சுற்றிலும் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் வரிசை வரிசையாகச் செம்பனைக் கன்றுகள். இன்னும் மண் நிரப்பாத பைகள் ஒரு பக்கம் குவிந்து கிடந்தன.

1985, ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கோல சிலாங்கூரில் ரவாங் போகும் பஸ் பிடித்து, சந்தியில் இறங்கி, இரண்டு மைல் நடந்து அந்தத் தோட்டத்துக்கு வந்திருந்தேன்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. எங்கள் வட்டாரத் தோட்ட மாணவர் சங்கத்தின் மாத இதழுக்கு அந்த ஜனவரியில்தான் ஆசிரியராகியிருந்தேன்.

எனக்கு முன்னால் இதழ் என்பது சைக்ளோஸ்டைலில் ஓட்டிய நாலைந்து தாள். தொட்டால் மை கையில் ஒட்டும். கட்டாகக் கட்டி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால், தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வாங்கி வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். பரீட்சைக் குறிப்பு, வேலை அறிவிப்பு, எந்த விண்ணப்பப் பாரத்தை எங்கே வாங்குவது, இதெல்லாம் லயத்து வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதில்தான் தெரியவரும்.

எனக்கு அது போதவில்லை. ஒரு மாணவர் சங்கத்தின் முகம் இப்படியா மை அப்பிக் கிடப்பது என்று கூட்டத்தில் பேசினேன்.

பொருளடக்கம் வைத்தேன். கவிதைக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். புக்கிட் மெலாவத்தி கலங்கரை விளக்கத்தை நானே வரைந்து, நீலத்திலும் சிவப்பிலும் அட்டை அடிக்க கிள்ளானில் ஒரு அச்சகத்தில் கொடுத்தேன். அப்படி வந்த முதல் இதழ் ஏப்ரல் இதழ். சங்கத்தில் எல்லாரும் கைதட்டினார்கள்.

கலாவதி கைதட்டுகிற ஆள் இல்லை. மாதம் ஒரு கடிதம் எழுதுவாள். கணக்குப் பகுதியில் ஏழாவதற்கு விடை தப்பு, பன்னிரண்டாவதில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று. போட்டுப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

மார்ச்சில் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். பரீட்சை முடிவு வந்தபோது அந்தத் தோட்டத்தில் முதல் கிரேடு அவள் ஒருத்திதான். அதற்கு மேல் ஆறாம் படிவம் என்றால் கிள்ளானில் தங்கித்தான் படிக்க வேண்டும். அவள் அப்பா சன்னாசி செம்பனைக் குலை வெட்டுகிறவர். அவளுக்குக் கீழே இன்னும் நாலு பேர்.

ஏப்ரலுக்குப் பிறகு அவளிடமிருந்து கடிதம் வரவில்லை.

நான் பக்கத்தில் குந்தினேன்.

“ஏப்ரல் இதழ்ல அஞ்சாம் பக்கத்துல ஒரு படிப்பு உதவி போட்டிருந்தோமே கலா. ஆறாம் படிவத்துக்கு, விடுதியும் சாப்பாடும் அவங்களே பாத்துக்குவாங்கன்னு. அதுக்கு எழுதினியா?”

அவள் ஒரு பையை எடுத்து வாயை விரித்தாள். இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டாள்.

“எழுதினேண்ணே. கெடைக்கல. நெறைய பேரு எழுதியிருப்பாங்க லா.”

“பதில் வந்துச்சா?”

“வந்துச்சு.”

கட்டைவிரலால் மண்ணை அழுத்தி, பையை வரிசையில் நிமிர்த்தி வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தூரத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் குரல் கொடுத்தார். அவள் எழுந்து, இதழை மண் படாமல் சாப்பாட்டுப் பைக்குள் செருகினாள்.

“ஒன்னு சொல்லட்டுமாண்ணே? அட்ட இல்லாட்டியும் பரவால்ல. ஒன்னாந்தேதியே வந்துட்டா போதும். தங்கச்சி அடுத்த வருசம் எஸ்.பி.எம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அந்த உதவியைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் விளம்பரம் வரவில்லை. அதைக் கொடுத்த அறவாரியம் எங்களைப் போன்ற சங்கங்களுக்கு மட்டும் எழுதியிருந்தது. கடிதம் என் கைக்கு வந்தது மார்ச் இருபதாம் தேதி. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் பதினைந்து.

உள்பக்கங்கள் மார்ச் முடிவதற்குள் ஓட்டித் தயாராகிவிட்டன. சிவப்பு சரியாக விழவில்லை என்று அட்டையை நான்தான் இரண்டு முறை அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பினேன். இதழ் அவள் தோட்டத்து ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் இருபத்து நான்கு. ஐந்தாம் பக்கத்தில் அந்தக் கடைசி நாள் அப்படியே இருந்தது.

அவள் எழுதியிருக்கவே முடியாது.

மன்னிப்புக் கேட்கத்தான் அன்று அவ்வளவு தூரம் போயிருந்தேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று பஸ்ஸிலும் வழியிலும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அவள் அதற்கு இடம் வைக்கவில்லை.

நானும் “அப்படியா” என்று கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.