மாட்டிக்கொண்ட கொள்ளைக்காரி

இப்போதெல்லாம் படம் போட்டால் பார்ப்பவர்களே அதில் வருகிறார்கள். அவரவர் குணப்படிதான் நடந்துகொள்கிறார்கள். அதனால்தான் ஜெர்லின் ஒரு வங்கிக் கொள்ளைப் படத்தைப் போட்டதும் அவள் அம்மா பிலோமினா ஜன்னல்களையெல்லாம் இழுத்துச் சாத்தினாள். கூடப் படிப்பவளை அடித்ததற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பப்பட்டவள் ஜெர்லின். "உங்க மகளுக்கு இரக்கமே கிடையாது" என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

திரையில் ஜெர்லின் துப்பாக்கியோடு வங்கிக்குள் நுழைந்தாள். கூட்டாளிகளோடு பணத்தை அள்ளிக்கொண்டு ஓடிவரும்போது, வாசலில் நின்ற காவலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அவரைத் தாண்டிப் போனவள் திரும்பி வந்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு அவர் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கூட்டாளிகளின் வண்டி நிற்காமல் போனது. போலீஸ் வந்தது. படம் பாதியிலேயே முடிந்துவிட்டது.

"சே, மானமே போச்சு! என் ஃப்ரெண்ட் லிடியா வீட்ல இதே படத்தைப் போட்டப்ப அவ போட் ஏறி கொழும்புக்கே தப்பிச்சிட்டாளாம்மா."

பிலோமினா எழுந்துபோய் ஜன்னல்களையெல்லாம் அகலத் திறந்துவைத்தாள்.

"இன்னொரு தடவை போடுட்டி. தெருவே பாக்கட்டும்."

"நான் மாட்டிக்கிட்டதையா?"

"ஆமாட்டி. அதைத்தான்."