நாய் நேசர் மன்றச் செயலாளர்

ஆண்டாள் கோவில் கோபுரத்தின் மேல் சத்தியம், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது.

ராஜபாளையத்தில் தாமோதர்ராஜாவின் பேண்டேஜ் துணிக் கம்பெனி. சோற்றுத் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, அங்கே ஏற்கெனவே சம்பளம் வாங்குகிற ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் விக்னேஷ்வரன். இந்த இன்டர்வியூவும் ஊற்றிக்கொண்டால் அம்மாவிடம் சொல்வதற்கு அவனிடம் பொய் மிச்சமில்லை.

முதலாளி ரெஸ்யூமைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார். “காலேஜ்ல நாய் நேசர் மன்றச் செயலாளர்னு போட்டிருக்கே?”

‘மன்றம் கின்றம் இருந்தாத்தாம்ல மதிப்பாக. ராஜபாளையத்துக்கு நாய்னு போடு’ என்று கூட்டாளி தவசிமுத்து சொல்லிக் கொடுத்தது அது. விக்னேஷ்வரனோ நாயைக் கண்டால் தெருவையே மாற்றிக்கொள்கிறவன்.

“ஆமாய்யா. எம்புட்டுப் பொல்லாத நாயா இருந்தாலும் காதுல ரெண்டு வார்த்தை சொன்னா உக்காந்துரும்.”

“அப்படியா? எங்க வீட்டு நாய் என்னைத் தவிர ஒருத்தருக்கும் அடங்காது. சொல்லிப் பாரு.”

முதலாளி தரையில் காலால் இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளேயிருந்து கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு வெள்ளை நாய் வந்து பல்லைக் காட்டியது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தறிகள் அத்தனையும் கப்பென்று நின்றன; மூச்சு விட்டால்கூடக் கேட்கும்போல் கம்பெனியே அடங்கிப்போனது.

விக்னேஷ்வரன் முழங்கால் போட்டான். கண்ணை இறுக மூடிக்கொண்டு நாயின் காதில் வாயை வைத்தான்.

“ஏ சாமி, மன்றமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. வேலைக்குப் போறேன்னு அம்மாட்டச் சொல்லிட்டு, ரெண்டு மாசமா பஸ் ஸ்டாண்டுல உக்காந்து சோறு திங்கேன். ஒரே ஒரு தடவை உக்காந்துரு. கடிக்கணும்னா பொறவு கடிச்சுக்கோ.”

கண்ணைத் திறந்தான். நாய் அவனைப் பார்க்கவேயில்லை; அவன் தோளுக்கு மேலே முதலாளியின் கையைப் பார்த்தது. பிறகு பூப்போல உட்கார்ந்தது.

அவனுக்கு உயிர் வந்தது. கூடவே வாயும் வந்தது. “பாத்தீயளாய்யா? எங்க மன்றத்துல மொதப் பாடமே இதுதான்.”

“பாத்தேன். நாளையிலருந்து வேலைக்கு வந்துரு. சோத்தைப் பஸ் ஸ்டாண்டுல வச்சுத் திங்காத, இங்கனயே கேன்டீன் இருக்கு.”

விக்னேஷ்வரன் நாயை முறைத்தான். “ஐயா… இது உங்ககிட்டச் சொல்லிருச்சா?”

“அது எப்படிப்பா சொல்லும்? அதுக்குப் பொறந்ததுலருந்தே காது கேக்காது.”